ஃப்ளூ பெருந்தொற்று பத்தி யாருக்கு எவ்வளவு தெரியும்? சர்வே எடுக்கப்போறவங்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஃப்ளூ பெருந்தொற்று பத்தி மக்களுக்கு என்ன தெரியும், வயசு, படிப்பு, வருமானம், ஆண் பெண்ணுன்னு பிரிச்சுப் பாத்தா அது எங்க எங்க மாறுது, இதக் கண்டுபிடிக்க சர்வே எடுக்கப்போறவங்களுக்காக இத எழுதுறேன். நர்சிங், சமூகப்பணி, பொது சுகாதாரம் படிக்கிற பிள்ளைங்க கூட இந்த வேலைய பல தடவ செஞ்சிருக்கேன், அவங்க தடுக்கி விழுற இடம் பெரும்பாலும் ஒண்ணுதான், முதல் நாளே கூகுள் ஃபார்ம திறந்து கேள்விய டைப் பண்ண ஆரம்பிச்சிடுவாங்க. கடைசில "படிக்காதவங்களுக்கு விழிப்புணர்வு கம்மி"ன்னு ஒரு வரி வந்து நிக்கும். அது மக்களப் பத்தின உண்மையா, இல்ல நம்ம கேள்வித்தாள் உண்டாக்குன வித்தியாசமான்னு அப்புறம் யாராலயும் பிரிச்சு சொல்ல முடியாது. அதனால கீழ இருக்கிற வரிசைய மாத்தாம போங்க.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

மூணு பேர் வேணும். விடைகள சரிபாக்க தொற்றுநோய் தெரிஞ்ச ஒரு டாக்டர். கணக்கு பாக்க புள்ளியியல் தெரிஞ்ச ஒருத்தர், இவர்கிட்ட டேட்டா வந்தப்புறம் இல்ல, கேள்வி எழுதுறதுக்கு முன்னாடியே பேசணும், ஏன்னா தப்பா சேகரிச்ச டேட்டாவ எந்த சாஃப்ட்வேரும் காப்பாத்தாது. மூணாவதா, நீங்க யார்கிட்ட கேக்கப்போறீங்களோ அந்த மக்கள்ல இருந்தே ஒருத்தர். இந்த மூணாவது ஆள்தான் எப்பவும் விட்டுப்போகும், ஆனா பாதி தப்ப அவங்கதான் முன்னாடியே காட்டிக் குடுப்பாங்க.

நெறிமுறைக் குழு (ஆய்வுல கலந்துக்கிறவங்களுக்கு தீங்கு வராம பாக்குற குழு) அனுமதிக்கு முதல்லயே விண்ணப்பிச்சிடுங்க. அது வர்ற வரைக்கும் 2, 3 படிகள செய்யலாம்.

2. இந்த முடிவ வச்சு யார் என்ன செய்யப்போறாங்க?

ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்க. "அடுத்த தொற்று வந்தா எந்தக் குழுவுக்கு எந்தத் தகவல எந்த வழியா சொல்லணும்னு சுகாதாரத் துறை முடிவு பண்ணும்"னு எழுதுனா, தகவல் எந்த வழியா வருதுன்னும் கேட்டாகணும்னு உங்களுக்கே புரியும். "விழிப்புணர்வ அளவிடுதல்"னு மட்டும் எழுதுனா எதக் கேக்குறது, எத விடுறதுன்னு தெரியாம 60 கேள்வி ஆயிடும், பதில் சொல்றவங்க 20வது கேள்விலயே சலிச்சுப்போய் வாய்க்கு வந்தத சொல்லுவாங்க.

அறிவு, மனப்பான்மை, நடத்தை மூணயும் ஒரே கூடையில போடாதீங்க. "கை கழுவுனா தொற்று குறையுமா" அறிவு. "தடுப்பூசி போட்டுக்க பயமா இருக்கா" மனப்பான்மை. "போன வருஷம் போட்டீங்களா" நடத்தை. நல்லாத் தெரிஞ்சும் செய்யாதவங்க நிறைய பேர் இருக்காங்க, தினக்கூலிக்குப் போறவருக்கு காய்ச்சல்னா வீட்ல இருக்கணும்னு தெரியும், லீவு எடுத்தா அன்னிக்கு சம்பளம் இல்ல. அவருக்கு மார்க் குறைச்சுட்டு "அறியாமை"ன்னு எழுதுறது அநியாயம்.

3. கேள்விக்கு முன்னாடி விடைத்தாள்

எது சரியான விடைன்னு முடிவு பண்ணாம கேள்வி எழுதக் கூடாது. ஒவ்வொரு விடைக்கும் பக்கத்துல எந்த தேதி நிலவரம்னு குறிச்சு வைங்க. இது ஏன்னா, ஃப்ளூ விஷயத்துல சரியான விடை மாறிக்கிட்டே இருக்கும்.

"பன்றிக் காய்ச்சல்"னு சொன்ன புது எச்1என்1 ஃப்ளூ வைரஸ உலக சுகாதார நிறுவனம் 2009 ஜூன் 11ல பெருந்தொற்றுன்னு அறிவிச்சுது, 2010 ஆகஸ்ட் 10ல அந்தக் கட்டம் முடிஞ்சுதுன்னு சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் அதே வைரஸ் வருஷா வருஷம் வர்ற சாதாரண சீசன் ஃப்ளூவா சுத்துது, வருஷாந்திர தடுப்பூசிக்குள்ளயும் வந்திடுச்சு. அதனால "சீசன் ஃப்ளூ தடுப்பூசி எச்1என்1ல இருந்து காப்பாத்துமா"ங்கிற கேள்விக்கு 2009ல ஒரு விடை, இன்னிக்கு வேற விடை. பழைய ஆய்வுல இருந்த கேள்விய அப்படியே எடுத்துப் போட்டீங்கன்னா, லேட்டஸ்டா தெரிஞ்சு வச்சிருக்கவருக்கு தப்பு மார்க் விழும்.

இதவிட சிக்கலானது "யாருக்கு ஆபத்து அதிகம்"ங்கிற கேள்வி. சீசன் ஃப்ளூவுல வயசானவங்கதான் அதிகமா இறக்குறாங்க. 2009ல 60 தாண்டுன பலருக்கு பழைய வைரஸ்களால கொஞ்சம் எதிர்ப்பு சக்தி ஏற்கனவே இருந்துச்சு, இளவயசுக்காரங்களும் கர்ப்பிணிகளும் எதிர்பாக்காத அளவுக்கு பாதிக்கப்பட்டாங்க. இப்ப ஒரு பெரியவர் "எங்கள மாதிரி வயசானவங்களுக்கு"ன்னு சொன்னா அது சரியா தப்பா? எந்த ஃப்ளூன்னு சொல்லாம கேட்டா தப்பு நம்ம மேலதான். இந்த மாதிரி ரெண்டு பக்கமும் வாதம் பண்ணக்கூடிய கேள்விய தயங்காம தூக்கிடுங்க.

உறுதியா நிக்கிற விஷயங்கள் நிறைய இருக்கு, அதுல இருந்து எடுங்க. ஆன்டிபயாடிக் ஃப்ளூ வைரஸ கொல்லாது. அறிகுறி தெரியுறதுக்கு சுமார் ஒரு நாள் முன்னாடியே மத்தவங்களுக்குப் பரவ ஆரம்பிக்கலாம். தொத்துனதுல இருந்து அறிகுறி வர பொதுவா 1ல இருந்து 4 நாள். ஒசெல்டாமிவிர் மாதிரி ஃப்ளூ வைரஸுக்கான மருந்து அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா பலன் அதிகம். நல்லா வேக வச்ச இறைச்சியில இருந்து ஃப்ளூ வராது. "பன்றிக் காய்ச்சல்"ங்கிற பேரே பல பேர தப்பா யோசிக்க வச்சுது, அதனால இந்த கடைசி விஷயத்த கண்டிப்பா கேளுங்க.

இன்னொரு எச்சரிக்கை. எல்லாக் கேள்வியையும் ஒரே அரசு கையேட்டுல இருந்து எடுக்காதீங்க. அப்படி எடுத்தா நீங்க அளக்குறது அறிவ இல்ல, அந்தக் கையேடு யார் கைக்குப் போய் சேர்ந்துதுங்கிறத.

4. கேள்வி எழுதுறது

எல்லாமே இங்கதான் இருக்கு, நேரத்த இங்க செலவழிங்க.

முதல்ல வார்த்தை. ஒரு தடவ ஒரு பாட்டியம்மாகிட்ட எங்க மாணவி "இன்ஃபுளுயன்சா பெருந்தொற்று பத்தி கேள்விப்பட்டிருக்கீங்களா"ன்னு படிச்சா, அவங்க "தெரியாதும்மா"ன்னுட்டாங்க, இவளும் டிக் பண்ணிட்டு அடுத்ததுக்குப் போயிட்டா. நான் பக்கத்துல உக்காந்து "புதுசா ஒரு காய்ச்சல் கிளம்பி உலகம் பூரா பரவுமே, அது பத்தி ஏதாச்சும்..."ன்னு ஆரம்பிக்கிறதுக்குள்ள அவங்களே சொல்ல ஆரம்பிச்சாங்க, இருமுறப்ப மூஞ்ச மூடணும், பிள்ளத்தாச்சிப் பொண்ணுங்கள கூட்டத்துக்கு அனுப்பக் கூடாது, மாத்திரைய டாக்டர் சொல்லாம விழுங்கக் கூடாதுன்னு ஒண்ணொண்ணா விரல மடக்கி சொன்னாங்க. ஃபார்ம்ல அவங்களுக்கு சைபர். அன்னிக்கு சாயந்திரம் கேள்வித்தாள் முழுசையும் திரும்ப எழுதுனோம்.

"ஃப்ளூ"ங்கிற வார்த்தையும் அப்படித்தான். பல பேருக்கு அது சாதாரண சளி ஜுரம். அதனால கேள்விக்கு முன்னாடி ரெண்டு வரி விளக்கம் வைங்க, எல்லாருக்கும் அதே ரெண்டு வரி, அப்பதான் எல்லாரும் ஒரே விஷயத்த மனசுல வச்சு பதில் சொல்லுவாங்க.

ரெண்டாவது, "தெரியாது"ங்கிற பதில். இத ஒரு தனி ஆப்ஷனா கண்டிப்பா வைங்க. சரி, தப்பு ரெண்டே ஆப்ஷன் வச்சா, 10 கேள்விக்கு எதுவுமே தெரியாதவர் கூட குருட்டாம்போக்குல சராசரியா 5 மார்க் வாங்கிடுவார். அதுக்கும் மேல ஒரு காரணம் இருக்கு. 10ல 5 சரி, 5 தெரியாதுன்னு சொன்னவரும், 5 சரி, 5 தப்புன்னு சொன்னவரும் ஒரே மார்க்தான் வாங்குறாங்க, ஆனா ரெண்டு பேரும் வேற வேற ஆள். முதல் ஆளுக்கு தகவல் போய் சேரல, கொண்டு போய் சேத்தா போதும். ரெண்டாவது ஆளுக்கு தப்பான தகவல் போய் சேந்து நம்பிக்கையாவே ஆயிடுச்சு, அவருக்கு யாராச்சும் பொறுமையா உக்காந்து பேசணும். ரெண்டையும் "தவறான விடை"ன்னு ஒண்ணாக் கூட்டுற ஆய்வுகளப் பாத்தா எனக்கு வயிறு எரியும், ஏன்னா எந்த வேலைய செய்யணும்ங்கிற பதில் அங்கதான் ஒளிஞ்சிருக்கு.

இதுல ஆண் பெண் வித்தியாசமும் கலக்கும். அறிவு கேக்குற சர்வேக்கள்ல பெண்கள் நிச்சயமில்லாதப்ப "தெரியாது"ன்னு சொல்றதும், ஆண்கள் ஊகிச்சு ஏதாவது ஒண்ண சொல்றதும் பல தடவ பாத்த விஷயம். ஊகிச்சவர்ல பாதி பேருக்கு மார்க் விழுந்திடும். அப்புறம் "ஆண்களுக்கு அறிவு அதிகம்"னு டேபிள் போட்டா அது அறிவோட வித்தியாசம் இல்ல, துணிஞ்சு டிக் அடிக்கிறதோட வித்தியாசம். அதனால கேள்வி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி "இது பரீட்சை இல்ல, தெரியலன்னா தெரியலன்னே சொல்லுங்க, அதுவும் எங்களுக்கு உபயோகமான பதில்தான்"னு எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி சொல்லுங்க.

மூணாவது, எல்லா வாக்கியமும் சரியானதாவே இருக்கக் கூடாது. எதக் கேட்டாலும் "ஆமா ஆமா"ன்னு தலையாட்டுறவங்க இருக்காங்க, அதிகாரியா தெரியுற ஆள் முன்னாடி இது இன்னும் ஜாஸ்தி. பாதி சரி, பாதி தப்புன்னு கலந்து வைங்க. ஆனா "பரவாது என்பது தவறா" மாதிரி ரெட்டை எதிர்மறை வேணாம், படிச்சவங்களே குழம்புவாங்க.

நாலாவது, அறிகுறி கேக்குறப்ப முதல்ல லிஸ்ட் காட்டாம கேளுங்க, அவங்களா சொன்னத குறிச்சுக்கிட்டு அதுக்கப்புறம் லிஸ்ட்ட படிங்க. வரிசைய திருப்பிப் போட்டா லிஸ்ட்டே விடைய சொல்லிக் குடுத்திடும்.

5. ஆளப் பத்தின கேள்விகள்

வயச வருஷமா கேளுங்க, 18-30ன்னு கட்டம் போட்டு கேக்காதீங்க. வருஷமா இருந்தா அப்புறம் எப்படி வேணாலும் பிரிக்கலாம், கட்டத்த பிரிக்க முடியாது. படிப்பயும் அப்படித்தான், எத்தனாவது வரைக்கும்னு கேளுங்க.

வருமானத்த கடைசில வைங்க. ஆரம்பத்துலயே கேட்டா முகம் மாறிடும், மிச்சக் கேள்விக்கு பதில் சுருங்கிடும். நேரடியா தொகைய சொல்லத் தயங்குறவங்களுக்கு வீட்ல என்ன வசதி இருக்கு, வேல நிரந்தரமா கூலியான்னு கேட்டு புரிஞ்சுக்கலாம்.

வழக்கமான நாலு கேள்வியோட நிறுத்திடாதீங்க. வீட்ல பேசுற மொழி, ஓரளவுக்காவது படிக்க வருமா, போன் சொந்தமா வச்சிருக்காங்களா இல்ல வீட்டுக்கே ஒண்ணா, வீட்ல சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருக்காங்களா, கடைசியா உடம்பு சரியில்லாதப்ப யார்கிட்ட போனாங்க, இதெல்லாம் கேளுங்க. ஒரு வித்தியாசம் ஏன் வருதுன்னு விளக்குறது பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான்.

தகவல் எங்க இருந்து வந்துதுன்னு கேக்குறப்ப "டிவி, பேப்பர், இணையம்"னு மட்டும் போடாதீங்க. வாட்ஸ்அப்ல சொந்தக்காரங்க அனுப்புனது, மருந்துக்கடைக்காரர் சொன்னது, பிள்ளைங்க ஸ்கூல்ல கேட்டுட்டு வந்து சொன்னது, இதெல்லாம் நிஜ வழிகள்.

6. அஞ்சாறு பேர்கிட்ட வாய்விட்டு யோசிக்கச் சொல்லுங்க

கேள்விய படிச்சுட்டு "இதுல நான் என்ன கேக்குறேன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க"ன்னு கேளுங்க. அவங்க சொல்றதும் நீங்க நெனச்சதும் ஒண்ணா இருந்தா கேள்வி பாஸ். வேற மொழியில இருந்து கொண்டுவந்த கேள்வின்னா, ஒருத்தர் தமிழாக்கம் பண்ணி, மூலத்த பாக்காத இன்னொருத்தர் திரும்ப அந்த மொழிக்கு மாத்தி, ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும். எல்லாக் குழுல இருந்தும் ஆள் வேணும், கல்லூரிப் பிள்ளைங்ககிட்ட மட்டும் சோதிச்சா கல்லூரிப் பிள்ளைங்களுக்கு மட்டும் புரியுற கேள்விதான் கிடைக்கும்.

அதுக்கப்புறம் 30 பேர்கிட்ட ஒரு சின்ன ஒத்திகை. எல்லாருமே சரியா சொல்ற கேள்வியும் யாருமே சொல்லாத கேள்வியும் குழுக்கள பிரிச்சுக் காட்டாது, ரொம்ப முக்கியமான தகவலா இல்லன்னா எடுத்திடுங்க.

7. யார்கிட்ட, எத்தன பேர்கிட்ட

எல்லாரும் 384ன்னு சொல்லுவாங்க. அது எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கங்க: ஒரு பெரிய மக்கள் தொகையில ஒரே ஒரு சதவீதத்த, 95% நம்பிக்கையில, 5 புள்ளி முன்ன பின்ன சொல்லணும்னா அந்த எண் போதும். நம்ம கேள்வி அது இல்லயே. நாம குழுக்கள ஒப்பிடப்போறோம். 384ல 60 வயசு தாண்டுனவங்க 60 பேர் இருந்தா அவங்களப் பத்தி சொல்ற எந்த சதவீதத்துக்கும் 13 புள்ளி வரைக்கும் பிழை வரும்.

ஒரு குழுவுல 50%, இன்னொண்ணுல 60%ங்கிற வித்தியாசத்த, அது நெசமாவே இருந்தா 80% வாய்ப்போட பிடிக்கணும்னா, குழுவுக்கு கிட்டத்தட்ட 390 பேர் வேணும். 50க்கும் 65க்கும் உள்ள வித்தியாசம்னா 170 பக்கத்துல போதும். எந்த வித்தியாசம் இருந்தா நீங்க வேலைய மாத்திப்பீங்களோ அத வச்சு எண்ணிக்கைய முடிவு பண்ணுங்க. சின்னக் குழுல இருந்து வேணும்னே அதிகம் பேர எடுத்துட்டு, மொத்தக் கணக்கு போடுறப்ப எடை குடுத்து, அதாவது மக்கள் தொகையில அவங்க பங்கு எவ்வளவோ அந்த அளவுக்கே எண்ணி, சரி பண்ணிக்கலாம்.

ஒரே தெருவுல 20 பேர்கிட்ட கேட்டா அது 20 தனித்தனி தகவல் இல்ல, பக்கத்து வீட்டுக்காரங்க ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிறாங்க. அதனால தெரு தெருவா எடுக்குற முறைக்கு எண்ணிக்கைய ஒன்றரை, ரெண்டு மடங்கு கூட்டுவாங்க.

ஆன்லைன் ஃபார்ம் மட்டும் வச்சு "மக்கள்"னு எழுதாதீங்க. போன் இல்லாதவங்க, படிக்கத் தெரியாதவங்க, ராத்திரி ஷிஃப்ட் போறவங்க, படுக்கையில இருக்கவங்க உள்ள வரவே வாய்ப்பில்ல, உள்ள வர வாய்ப்பே இல்லாதவங்கள எடை குடுத்தும் கொண்டுவர முடியாது. தகவல் போய் சேராதவங்க பல பேர் அங்கதான் இருக்காங்க.

8. களத்துல

வீட்ல யாரக் கேக்குறதுன்னு முன்கூட்டியே விதி வைங்க. கதவத் திறந்தவர கேக்கக் கூடாது, அப்படிக் கேட்டா அந்த நேரத்துல வீட்ல இருக்கவங்க மட்டுமே வருவாங்க. வீட்ல இருக்க பெரியவங்கள்ல அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருதோ அவங்களக் கேக்குறது சுலபமான விதி. அவங்க இல்லன்னா இன்னொரு நாள், வேற நேரத்துல திரும்பப் போகணும், பக்கத்து வீட்டுக்கு நகரக் கூடாது.

புதுசா வர்றவங்க அதிகமா தடுமாறுறது இன்னொருத்தர் குறுக்க பேசுறப்பதான். பொண்டாட்டிகிட்ட கேட்டா புருஷன் பதில் சொல்லுவார், பாட்டிகிட்ட கேட்டா பேரன் சொல்லுவான். அது மரியாதையா இருந்தாலும் டேட்டா கெட்டுப்போச்சு. "உங்ககிட்டயும் அப்புறம் பேசுறேன் சார், இப்ப இவங்க என்ன நெனைக்கிறாங்கன்னு மட்டும் குறிச்சுக்கிறேன்"னு சொல்லப் பழக்கி விடுங்க, ரெண்டு பேரா போனா ஒருத்தர் அவர்கிட்ட பேச்சு குடுத்துக்கிட்டு இருக்கலாம்.

நடுவுல சரியான விடைய சொல்லிடாதீங்க, தலைய கூட ஆட்டாதீங்க, அடுத்த பதில் மாறிடும். ஆனா முடிஞ்சதும் கட்டாயம் உக்காந்து சரியான விடைகள சொல்லிட்டு வாங்க, அச்சடிச்ச தாளும் குடுங்க. ஒருத்தர் "ஆன்டிபயாடிக் போட்டா ஃப்ளூ போயிடும்"னு நம்புறது தெரிஞ்சும் சும்மா எந்திரிச்சு வர்றது சரியில்ல.

9. மார்க் போடுறது

ஒவ்வொரு ஆளுக்கும் சரி எத்தன, தப்பு எத்தன, தெரியாது எத்தனன்னு மூணு எண் வைங்க. மொத்த மார்க் ஒண்ணு போடலாம், ஆனா "60%க்கு மேல நல்ல அறிவு, கீழ மோசம்"னு கோடு கிழிக்காதீங்க, 59 வாங்குனவரும் 61 வாங்குனவரும் வேற வேற உலகம் இல்ல, அந்தக் கோட்டுக்கு எந்த ஆதாரமும் கிடையாது.

பதில் சொல்லாம விட்டத "தெரியாது"ல சேக்காதீங்க. கேக்க மறந்ததும், கேட்டு தெரியலன்னு சொன்னதும் வேற.

10. குழுக்கள ஒப்பிடுறது

முதல் டேபிள்ல கேள்வி வாரியா, குழு வாரியா மூணு எண்ணயும் போடுங்க. மொத்த மார்க்க மட்டும் பாத்தா, ஒரு குழு பரவுற விதத்துல முன்ன நிக்குறதும் மருந்து விஷயத்துல பின்தங்கி நிக்குறதும் ஒண்ண ஒண்ணு அடிச்சுட்டு ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும்.

அப்புறம் கலப்படத்த பிரிக்கணும். ஒரு கணக்கு சொல்றேன், இது வெறும் உதாரண எண். பெரியவங்க 100 பேர்ல 70 பேர் பள்ளியோட நின்னவங்க, 30 பேர் கல்லூரி. இளசுகள்ல 20 பள்ளி, 80 கல்லூரி. பள்ளியோட நின்னவங்க எந்த வயசா இருந்தாலும் 40%, கல்லூரி படிச்சவங்க எந்த வயசா இருந்தாலும் 70% சரியா சொல்றாங்கன்னு வைங்க. கூட்டிப் பாத்தா பெரியவங்களுக்கு 49%, இளசுகளுக்கு 64%. பாக்குறவங்க "வயசானவங்களுக்குத் தெரியல"ன்னு சொல்லுவாங்க, ஆனா வயசுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, முழுக்க படிப்பு. இதுக்காகத்தான் வயசு, படிப்பு, வருமானம், மொழி எல்லாத்தையும் ஒரே ரெக்ரஷன்ல (ஒவ்வொண்ணோட பங்கையும் தனித்தனியா பிரிச்சுக் காட்டுற புள்ளியியல் முறை) சேத்துப் போடச் சொல்றது. போட்டப்புறமும் முதல் டேபிள தூக்கிப் போடாதீங்க, நிஜத்துல அந்த 100 பெரியவங்க அங்க இருக்காங்க, காரணம் படிப்புன்னாலும் தகவல் அவங்களுக்குத்தான் போய் சேரல.

வழக்கமான 5% அளவுகோல வச்சு, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத 20 ஒப்பீடு பண்ணுனா, எந்த வித்தியாசமும் இல்லாட்டி கூட, ஒண்ணாவது "முக்கியமான வித்தியாசம்"னு வர்றதுக்கு சுமார் 64% வாய்ப்பு இருக்கு. அதனால எத எத ஒப்பிடப்போறோம்னு டேட்டா பாக்குறதுக்கு முன்னாடியே எழுதி வச்சிடுங்க. பி வேல்யூ (நிஜத்துல வித்தியாசமே இல்லன்னா, இவ்வளவு வித்தியாசம் தற்செயலா வர்றதுக்கு எவ்வளவு வாய்ப்புன்னு சொல்ற எண்) மட்டும் போடாம வித்தியாசம் எத்தன புள்ளி, எந்த எல்லைக்குள்ளன்னு போடுங்க.

ஒரு குறிப்பிட்ட கேள்வில மட்டும் ஒரு குழு தனியா சறுக்குனா, மொத்த மார்க் ஒண்ணா இருக்கவங்கள மட்டும் எடுத்து அந்தக் கேள்விய திரும்பப் பாருங்க. அப்பவும் சறுக்குனா கேள்வியோட வார்த்தைய சந்தேகப்படுங்க. ஒரு தடவ "சுவாசத் துளிகள்"ங்கிற வார்த்தை எங்கள இப்படிக் கவுத்துது, "இருமுறப்ப தெறிக்கிற எச்சில்"னு மாத்துனதும் அந்த வித்தியாசம் பெரும்பாலும் காணாமப் போச்சு.

11. அறிக்கையும் அதுக்கப்புறமும்

"இந்தக் குழுவுக்கு விழிப்புணர்வு குறைவு"ன்னு முடிக்காம, எந்தத் தகவல் போய் சேரல, எது தப்பாப் போய் சேந்திருக்கு, அவங்க யார நம்புறாங்கன்னு மூணையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. யாரெல்லாம் உங்க சர்வேக்குள்ள வரலங்கிறதயும் முதல் பக்கத்துலயே எழுதுங்க, பின்னாடி ஒளிச்சு வைக்காதீங்க.

முடிவ வெளியிடுறதுக்கு முன்னாடி பதில் சொன்ன மக்கள்ல கொஞ்சம் பேர்கிட்ட காட்டுங்க. ஆன்டிபயாடிக் மாத்திரை பத்தின கேள்வில ஏன் இத்தன பேர் தப்பா சொன்னாங்கன்னு நாங்க மண்டைய உடைச்சுக்கிட்டு இருந்தப்ப, "காய்ச்சலுக்குப் போனாலே அந்த மாத்திரையத்தான் குடுக்குறாங்க, அப்புறம் அது வேல செய்யாதுன்னு நாங்க எப்படி நம்புறது"ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. எங்க ரெக்ரஷன் எதுலயும் அந்தப் பதில் இல்ல.

கேள்வித்தாள், விடைத்தாள், தேதி, ஒவ்வொரு கேள்வியையும் ஏன் மாத்துனோம்ங்கிற குறிப்பு எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல வைங்க. அடுத்த தடவ எடுக்குறவங்க அதே வார்த்தையில கேட்டாத்தான் இந்த எண்ணயும் அந்த எண்ணயும் பக்கத்துல வச்சுப் பாக்க முடியும். விடை மாறிப்போன கேள்விய மட்டும் புதுசா எழுதி, அத பழைய எண்ணோட ஒப்பிடக் கூடாதுன்னு பக்கத்துலயே குறிச்சிடுங்க.